பசு மேய்ந்த மனை

எங்கள் புது வீட்டைப் பார்க்க யார் வந்தாலும், காபி கொடுப்பதற்கு முன்னால் என் மனைவி அவர்களுக்கு ஒரு கதையைச் சொல்லிவிடுவாள். பூமி பூஜை அன்று மனையில் கதிர் வந்த கேவுரு நின்றது, கன்றோடு வந்த பசு அதில் வயிறார மேய்ந்தது, பயிர் வைத்தவளே தன் கையால் கதிரை ஒடித்துப் பசுவுக்கு ஊட்டினாள், இப்படி யாருக்கு அமையும் என்பதுதான் கதை. வந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். நான் மோட்டார் போட வேண்டும், கேட்டைப் பூட்ட வேண்டும் என்று எதையாவது சொல்லி எழுந்துவிடுவேன். கதையில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் நானும் உட்கார்ந்து கேட்டிருப்பேன்.

நான் நகரிக்காரன். வீட்டுக்குள் பவர்லூம் ஓடுகிற சத்தத்திலேயே வளர்ந்து, அது போதும் என்று திருப்பதிக்கு வந்து, ஒரு லாட்ஜில் மேனேஜராக உட்கார்ந்துவிட்டவன். பிள்ளைகள் வாடகை வீடுகளிலேயே வளர்ந்து, படித்து, வேலைக்கும் போய்விட்டார்கள். எங்கள் வம்சத்தில் யாருக்கும் மண்வெட்டி பிடிக்கத் தெரியாது. அப்படிப்பட்ட எங்களை மனை வாங்க வைத்தவர் என் மனைவியின் அண்ணன், பெங்களூரில் இருக்கிற மச்சான். வடமாலபேட்டை போகிற வழியில் ஒரு வெஞ்சர் போடுகிறார்கள், நல்ல இடம் என்று ஒரு நாள் காரில் ஏற்றிக்கொண்டு போனார். மனை பிரித்து விற்கிற இடத்தை இங்கே வெஞ்சர் என்றுதான் சொல்வார்கள். முந்தின வருஷம் வரை கடலைக்காய் விளைந்த செம்மண் அது. நாங்கள் போனபோது தார் ரோடு போட்டு, மஞ்சள் கல் நட்டு, வாசலில் கோயில் கோபுரம் மாதிரி வளைவு கட்டி முடித்திருந்தார்கள். அவரும் நானும் பக்கத்துப் பக்கத்தில் மனை வாங்கினோம். இரண்டும் சேர்ந்து பத்து சென்ட் இருக்கும். வாங்கினதோடு சரி, வீடு கட்டக் காசு சேரவில்லை. வருஷங்கள் போயின. மனையில் வேலிக்காத்தான் முள் ஆள் உயரம் வளர்ந்து, எங்கள் கல் எது என்றே தெரியாமல் போயிற்று.

அந்த முள்ளை வெட்டினவள் அந்த வெஞ்சருக்கு வாட்ச்மேனாக வந்தவரின் மனைவி. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டின ஒரு ஊரிலிருந்து வந்த தமிழ்க் குடும்பம். புருஷன், மாமியார், இரண்டு பிள்ளைகளோடு வளைவுக்குப் பக்கத்தில் சீட் போட்ட கொட்டகையில் இருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். குரல் பெரிசு. தெலுங்குக்காரர்களிடம் தெலுங்கிலும் மாடுகளிடம் தமிழிலும் சண்டை போடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மனையைப் பார்க்கப் போன என்னிடம் வந்து நின்றாள்.

"அண்ணா, நீங்க நம்ம நகரியாமே? உங்க மனைல முள்ள நாங்க வெட்டி சுத்தமா வச்சிக்கிறோம். ஏதாச்சும் வெதச்சிக்கட்டுமா? நீங்க எப்போ கட்றீங்களோ அப்போ வுட்டுட்றோம்."

எனக்கு என்ன நஷ்டம்? முள் போகும், ஆக்கிரமிப்பு பயம் போகும். தாராளமாக விதைத்துக்கொள் என்றேன். ஏதோ நூறு ஏக்கரைத் தானம் செய்தவன் மாதிரி வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னதும் நினைவிருக்கிறது. அவர்கள் ஊரில் அவர்களுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம்கூட இருந்ததில்லை, தலைமுறையாக அடுத்தவர் வயலில் கூலி வேலைதான் என்பது பிறகு தெரிந்தது. இங்கே என்ன விதைப்பது, எப்போது அறுப்பது என்று அவளை யாரும் ஏவவில்லை. எங்கள் மனையோடு சேர்த்து, கட்டாமல் கிடந்த பத்துப் பன்னிரண்டு மனைகளில் அவள் பயிர் வைத்தாள். பூங்காவுக்கென்று போட்டுப் பூங்காவே வராமல் போன போர்வெல்லிலிருந்து தண்ணீர். கல்லைச் சுற்றிப் புளிச்சகீரை, நடுவில் காராமணி, ஒரு போகம் கடலைக்காய், ஒரு போகம் கேவுரு. கேழ்வரகை எங்கள் பக்கம் கேவுரு என்றுதான் சொல்வோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அங்கே போவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. போனால் வெறுங்கையோடு அனுப்ப மாட்டாள். கீரையோ காயோ ஒரு பையில் போட்டு வண்டியில் மாட்டிவிடுவாள். சில நாள் அவள் மாமியார் களி கிண்டி வைத்திருப்பாள். சுடச்சுடக் களி உருண்டையும் கடைந்த கீரையும் தட்டில் வரும். திருப்பதியில் இப்போது எந்த ஓட்டலைப் பார்த்தாலும் ராகி சங்கடி, நாட்டுக்கோழி என்று போர்டு வைத்திருக்கிறார்கள். சங்கடி என்றால் நம் களிதான். அந்தக் காலத்து ஏழைச் சாப்பாட்டை ஏசி போட்டு விற்கிறார்கள். லாட்ஜில் தங்க வருகிறவர்கள் நல்ல சங்கடி எங்கே கிடைக்கும் என்று கேட்டால் நான் ஓட்டல் பெயரைச் சொல்லிவிட்டு, "எங்க வயல்ல விளையற கேவுரு ருசி அங்கெல்லாம் வராது சார்" என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடுவேன். எங்க வயல்! வாய் கூசாமல் சொல்லியிருக்கிறேன்.

ஊர் வளர்ந்து அந்த ரோட்டுப் பக்கமே வந்துவிட்டது. ஒவ்வொரு மனையாக வீடு முளைத்தது. போன கோடையில் பார்த்தால் சுற்றிலும் சுவர், நடுவில் எங்கள் பத்து சென்ட் மட்டும்தான் அவளுக்கு மிச்சம். பங்குனியில் ஒரு நாள் நாற்று விடுவதற்கு முன் என்னிடம் கேட்டாள்.

"கேவுரு நடலாம்னு கீறேன். மழக்காலத்துக்கு எங்களுக்கு இதான் அண்ணா சோறு. நீங்க கட்றதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க, நடல."

"ஆடி கழிஞ்சு ஆவணியிலதான் வேலை ஆரம்பிப்போம். நீ நிம்மதியா நடு. அறுத்துட்டுக் குடு போதும்" என்றேன்.

அவள் அப்போதும் விடவில்லை. "நெசமா தானே? அண்ணி, பெரியவரு எல்லாம் ஒத்துக்குவாங்களா?" என்று கேட்டாள். பெரியவர் என்றது மச்சானை. நான் சொன்னால் சரிதான் என்றேன். வீட்டுக்கு வந்து மனைவியிடமோ மச்சானிடமோ இதைச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே அது எனக்குத் தோன்றவில்லை. இதைத்தான் இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

வைகாசி பிறந்ததும் மச்சானிடமிருந்து போன் வந்தது. லோன் கிடைத்துவிட்டது, மேஸ்திரி கையில் ஆள் இருக்கிறது, இரண்டு மனையும் சேர்த்து ஒரே வீடாகக் கட்டிவிடலாம், கீழே நீங்கள், மேலே நான் என்றார். நாள் பார்க்க அவர் போனது பஞ்சாங்கம் பார்க்கிற ஒரு தெலுங்குச் சித்தாந்தியிடம். தெலுங்குக் கணக்கில் ஆஷாடம் நம் ஆடிக்கு முன்னாலேயே வந்துவிடும். அது வந்துவிட்டால் பூஜை கிடையாது, அதற்குப் பிறகு மச்சானுக்கு லீவு கிடையாது. ஆகவே வைகாசிக் கடைசியிலேயே ஒரு நாள் குறித்துவிட்டார்கள்.

"ஓகே தானே மாப்ள?"

"ஓகே மச்சான்."

அவ்வளவுதான் பேசினேன். கேவுரு நிற்கிறது, ஒரு மாசம் பொறுங்கள் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? லோன் ஏற்பாடு அவருடையது, ஓடியாடினதெல்லாம் அவர். அவரிடம் எனக்குக் கொஞ்சம் பயம். கேவுருக்காகவா முகூர்த்தத்தைத் தள்ளுவாய் என்று அவர் சிரிப்பார், அந்தச் சிரிப்பு சொந்தக்காரர்கள் வரைக்கும் போகும் என்று கூச்சம். வேறு காரணம் எதுவும் இல்லை.

அவளிடமாவது சொல்லிவிடலாம் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். போகும்போது வண்டியில் வாக்கியமெல்லாம் தயார் செய்துகொண்டு போனேன். அவள் இடுப்பளவு பயிருக்குள் நின்று கையாட்டிக் கூப்பிட்டாள். ஒரு கதிரைப் பிடித்து ஒரு மணியை நகத்தால் நசுக்கிக் காட்டினாள். வெள்ளையாகப் பால் கசிந்தது.

"பால் புடிச்சிகினு கீது பாருங்கண்ணா. ஆனி கடைசில அறுத்துடலாம். ரெண்டு மூட்டைக்கு கொறையாது."

"நல்லா வந்திருக்கும்மா" என்றேன். அவள் கட்டிக் கொடுத்த கீரையை வாங்கி வண்டியில் மாட்டிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். அன்று ராத்திரிக்கு அந்தக் கீரையைத்தான் கடைந்தார்கள். சாப்பிட்டேன்.

பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் அவள் புருஷனுக்கு போன் செய்து, "ஈசானி மூலையில சும்மா ஒரு பூஜை. ஒரு பாய் விரிக்கற அளவுக்கு எடம் போதும்" என்று சொன்னேன். அவருக்குச் சொன்னது பாதி, எனக்கு நானே சொல்லிக்கொண்டது பாதி. பூஜை முடிந்ததும் மச்சானைத் தனியாக அழைத்து, பயிரை அறுத்த பிறகு வேலையைத் தொடங்கலாம் என்று சொல்லிவிடலாம் என்று ஒரு கணக்கு போட்டு வைத்திருந்தேன். தைரியம் இல்லாதவன் போடுகிற கணக்கு அப்படித்தான் இருக்கும்.

அன்று காலையில் நாங்கள் போய் இறங்கியபோது ஈசானி மூலையில் ஒரு பாய் அளவுக்குப் பயிரை அவளே அறுத்து, சாணி தெளித்து, கோலம் போட்டு வைத்திருந்தாள். தலைக்குக் குளித்துப் பூ வைத்திருந்தாள். "நம்ம அண்ணன் வீடு" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் அவள் சொல்வது காதில் விழுந்தது. மச்சான் குடும்பம், எங்கள் குடும்பம், நகரியிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் என்று ஒரு கூட்டம். கடைசியில் சித்தாந்தி வந்தார். வந்தவர் கோலத்தைப் பார்க்கவில்லை. நின்ற பயிரைப் பார்த்தார், அவர் முகம் மலர்ந்தது.

"சாலா மஞ்சிதி! சாலா மஞ்சிதி!" என்றார். ரொம்ப நல்லது என்று அர்த்தம்.

மனையில் நவதானியம் விதைத்து, முளை வந்ததும் பசுவையும் கன்றையும் விட்டு மேய வைத்துப் பிறகு வீடு கட்டுவது அந்தக் காலத்து முறையாம். இப்போது யாருக்கும் பொறுமை இல்லை, பூஜை முடிந்த கையோடு கல் வைக்கச் சொல்கிறார்கள். உங்களுக்கு என்ன பாக்கியமோ, கதிர் வந்த பயிரே நிற்கிறது, ஒரு பசுவைக் கன்றோடு ஓட்டி வாருங்கள், மேய்ந்துவிட்டுப் போனால் இந்த வீட்டில் சோற்றுக்குக் குறை இருக்காது என்று தெலுங்கில் சொன்னார். என் மனைவி கைகூப்பினாள். மச்சான் அதற்குள் செல்போனை எடுத்துவிட்டார்.

நான் பயிர் வைத்தவளைப் பார்த்தேன். அவளுக்குத் தெலுங்கு எங்கள் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். அண்ணன் இப்போது ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தது அவள் முகத்தில் அப்படியே தெரிந்தது. நான் தேங்காய்ப் பையைத் திறந்து எதையோ தேடினேன்.

பசு வந்தது. வெஞ்சரின் கடைசியில் மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவருடைய பசு. வந்ததும்தான் எனக்கு உறைத்தது. அந்தப் போகம் முழுக்க அவள் ஓயாமல் துரத்தினது இந்தப் பசுவைத்தான். பால்காரரோடு அவள் போட்ட சண்டையை நானே பார்த்திருக்கிறேன். பயிர் ஓரத்தில் அதன் மூக்கு தெரிந்தாலே கையில் கோலோடு ஓடுவாள், மண்ணாங்கட்டியால் அடிப்பாள். அன்றும் பழக்க தோஷத்தில் அவள் கையில் கோல் இருந்தது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கழுத்தில் மாலை போட்டு, பால்காரர் கயிற்றை விட்டதும் பசு பயிர் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. தலையைத் திருப்பி அவளைப் பார்த்தது. ஓரடி பின்னால் போனது.

சித்தாந்திக்கு அது பிடிக்கவில்லை. பசு வாய் வைக்காமல் திரும்பினால் நல்லதில்லை என்றார். நேரம் வேறு போய்க்கொண்டிருக்கிறது என்று வாட்சைக் காட்டினார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மச்சான் என் பக்கம் குனிந்தார்.

"யாரு மாப்ள அது, கோலு வெச்சிக்கினு? அதப் பாத்துதான் மாடு பயப்படுது. ஓரமா போகச் சொல்லு."

நான் போய்ச் சொன்னேன். என் வாயால்தான் சொன்னேன். "ஏம்மா, கொஞ்சம் அந்தப் பக்கம் நில்லு."

அவள் மச்சானின் காருக்குப் பின்னால் போய் நின்றாள். பசு அப்போதும் நகரவில்லை. கார் இருக்கிற பக்கமே பார்த்துக்கொண்டு நின்றது. பால்காரர் முதுகில் தட்டினார், கழுத்தைப் பிடித்துத் தள்ளினார். எதுவும் நடக்கவில்லை. வீடு என்று ஒன்று அமையுமா என்று எத்தனையோ வருஷம் ஏங்கினவள் என் மனைவி. இப்போது பசுவே திரும்பிப் போகிறது என்றால் அவளால் தாங்க முடியுமா? முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

அந்த அழுகையைக் கேட்டுத்தான் அவள் காருக்குப் பின்னாலிருந்து வந்தாள் என்று நினைக்கிறேன். கோலைக் கீழே போட்டாள். நேராகப் பயிருக்குள் இறங்கி நாலைந்து கதிரை ஒடித்து எடுத்துக்கொண்டு பசுவிடம் போனாள். பசு மிரண்டது. "பா, பா, ஒண்ணியும் பண்ணல பா" என்று வாயருகில் நீட்டினாள். அது முகர்ந்தது, நாக்கை நீட்டி இழுத்துக்கொண்டது. அவள் பின்னாலேயே நடந்து இன்னும் கொஞ்சம் ஒடித்து நீட்டினாள். பசு அவள் கையைப் பார்த்துக்கொண்டே பயிருக்குள் இறங்கியது. எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். சித்தாந்தி உரக்க மந்திரம் சொன்னார். என் மனைவி அழுதுகொண்டே சிரித்தாள்.

அவள் பசுவை எந்தப் பக்கமாக அழைத்துப் போகிறாள் என்பதை நான் மட்டும்தான் கவனித்தேன். பக்கத்து வீட்டுச் சுவர் நிழல் விழுந்து பயிர் சோனியாக நின்ற ஓரமாகவே அதை இழுத்துக்கொண்டு போனாள். அப்போதும் நல்ல பயிரைக் காப்பாற்றிவிடலாம் என்று பார்த்தாள். பசுகூட அந்த ஓரத்திலேயே மேய்ந்திருக்கும். கன்றுக்குட்டி துள்ளி நடுப் பயிருக்குள் ஓடியது, பசு அதன் பின்னால் போய்விட்டது. அவள் கையில் மிச்சமிருந்த கதிரோடு சுவரோரமாகவே நின்றாள்.

பூஜை முடிந்தது. மச்சானைத் தனியாக அழைத்தேன். வேலையை ஒரு மாசம் கழித்துத் தொடங்கினால் என்ன என்று கேட்டேன். பூஜை போட்டுவிட்டு வேலையை நிறுத்தினால் வீட்டுக்கே ஆகாது, நாளைக்குக் காலையில் ஜேசிபி வருகிறது என்றார். சரி என்றேன். மறுநாள் ஜேசிபி வருவதற்கு முன்னால் அவளும் அவள் புருஷனுமாகப் பச்சைப் பயிரை அறுத்து மாட்டுத் தீவனமாகக் கொடுத்தார்களாம். வாங்கினவர் அதே பால்காரர்தான். நான் அன்று லாட்ஜில் வேலை இருக்கிறது என்று போகவில்லை. வேலை எதுவும் இல்லை.

பணம் கொடுத்தாயா என்று கேட்பீர்கள். கொடுத்தேன். அவள் புருஷன் கும்பிட்டு வாங்கிக்கொண்டார். அதனால் எனக்கு ஒரு நாள் தூக்கம் வந்தது. மறுநாள் கட்டட வேலையைப் பார்க்கப் போனபோது மாமியார்க் கிழவி கடையில் வாங்கின ரேஷன் அரிசியைப் புடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் ரோட்டின் அந்தப் பக்கமாகவே நடந்து போய்விட்டேன்.

வீடு எழும்பியது. அந்த வெஞ்சரில் இனி காவல் காக்க மனை இல்லை என்று அவள் குடும்பம் நாராயணவனம் பக்கம் புதிதாகப் போட்ட வேறொரு வெஞ்சருக்குப் போனது. அங்கேயும் பயிர் வைக்கிறாள். வாரத்துக்கு இரண்டு நாள் பஸ்ஸில் கீரைக்கூடையோடு வந்து எங்கள் காலனியில் வீடு வீடாக விற்கிறாள். எங்கள் வீட்டுக்கும் வருவாள். என் மனைவி பேரம் பேசாமல் வாங்குவாள், காபி கொடுப்பாள். அவள் கைராசியில் எழுந்த வீடு என்பது என் மனைவியின் நம்பிக்கை. நான் இருந்தால், "அண்ணா நல்லா கீறீங்களா" என்பாள். நல்லாயிருக்கேன் என்பேன்.

சித்தூரிலிருந்து என் மனைவியின் சிநேகிதி ஒருத்தி வீட்டைப் பார்க்க வந்திருந்தபோதுதான் அது நடந்தது. கதை ஆரம்பமாகியிருந்தது, நான் எழுவதற்கு முன்னால் கீரைக்கூடையோடு அவள் வாசலில் வந்து நின்றாள். என் மனைவிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இதோ, இவதான், இவதான் ஊட்டினா என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தாள்.

சிநேகிதி வியந்துபோய்க் கேட்டாள். "நெஜமாவாம்மா? நீ வெச்ச பயிரை நீயே ஆசையா ஊட்டினியா?"

அவள் கூடையைத் தரையில் வைத்தாள். "பால் புடிச்ச கேவுர யாருனா ஆசையா ஊட்டுவாங்களாம்மா? அண்ணி அழுதாங்க. அதான் ஊட்டினேன்" என்றாள். பிறகு சாதாரணமாக, கீரைக் கட்டைப் பிரித்துக்கொண்டே சொன்னாள். "ஆவணி வரைக்கும் டைம் குட்த்திருந்தாரு அண்ணன். அறுத்துட்டுக் குடுன்னாரு. அதுக்குள்ள நாள் வந்துடுச்சு."

என் மனைவி என்னைப் பார்த்தாள். "நீங்க அப்படிச் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

சிநேகிதியை என் மனைவி வாசல் வரை போய் வழியனுப்பினாள். போன பிறகு ரொம்ப நேரம் சமையலறையில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் வந்து, "என்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள். சொல்லியிருந்தால் நாளை மாற்றியிருப்பாயா என்று நான் கேட்டேன். தப்பு செய்தவன் கேட்கிற கேள்விதான் அது. அவள் யோசித்தாள். "தெரியலைங்க. ஆனா அவ கையால ஊட்ட விட்டிருக்க மாட்டேன்" என்றாள். அதற்குப் பிறகு அவள் அந்தக் கதையை யாரிடமும் சொல்வதில்லை. இப்போதெல்லாம் வருகிறவர்களுக்கு நேராகக் காபி வந்துவிடுகிறது. எனக்கு அது முன்னைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து, கதவைப் பூட்டிவிட்டு, அப்படியே வண்டியை எடுத்துக்கொண்டு அவள் இருக்கிற புது வெஞ்சருக்குப் போனேன். இந்தத் தடவை எந்த வாக்கியமும் தயார் செய்யவில்லை. அங்கே கேவுரு அறுத்துக் கதிரை ரோட்டோரம் தார்ப்பாயில் குவித்திருந்தார்கள். அவள் எழுந்து வந்தாள்.

"அன்னைக்கு நான் வாயைத் திறந்து சொல்லியிருக்கணும்மா. தப்பு என்மேலதான்" என்றேன்.

அவள் கையில் ஒட்டின உமிச் சொங்கைத் தட்டிவிட்டாள். "வுடுங்கண்ணா. அத்த இப்ப பேசி இன்னா ஆவப்போது" என்றாள். அதை விட்டுவிட்டாள் என்று அர்த்தமா, விடவில்லை என்று அர்த்தமா என்று எனக்குத் தெரியவில்லை. போகலாம் என்று வண்டிப் பக்கம் திரும்பினபோது கூப்பிட்டாள்.

"அண்ணா, உங்க வீட்டு மொட்ட மாடி சும்மாதான கீது? நாலு நாளு இந்த கேவுர அங்க காய வெச்சிக்கட்டுமா? இங்க களமும் இல்ல ஒண்ணியும் இல்ல. ரோட்ல போட்டா கார ஏத்திக்கினு போறானுங்க. மேகம் வேற வந்துகினு கீது. நனைஞ்சா முளைச்சிடும்."

மொட்டை மாடிக்கு வெயில் தாங்கவென்று வெள்ளைப் பெயின்ட் அடித்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. மாடியில் மச்சானுக்கும் பங்கு உண்டு. கதிரைக் கொண்டுவந்து போட்டால் புறா வரும், சொங்கு பறக்கும், பக்கத்து வீட்டார் ஏதாவது சொல்வார்கள். அவள் கேட்டு முடிப்பதற்குள் இவ்வளவும் என் தலைக்குள் ஓடிவிட்டது.

"மச்சானை ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்மா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. பூஜை அன்று பார்த்த மாதிரி எதற்கும் காத்திருக்கிற பார்வையும் இல்லை.

"கேளுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, குவியலை மூட இன்னொரு தார்ப்பாயை இழுத்துக்கொண்டு போனாள்.

நான் வண்டியை ஸ்டார்ட் செய்தேன். மாடிக் கதவின் சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது.